நாக்கின் நியாயம்

1

ரசனை வேறு, ஒழுக்கம் வேறு என்பது இன்று படித்தவர்களிடையே ஏறக்குறைய முடிந்துபோன தீர்மானம். ஒரு பொருள் எனக்குப் பிடிக்கிறது, உனக்குப் பிடிக்கவில்லை, இதில் நியாயம் அநியாயம் எங்கே வந்தது என்று கேட்கிறார்கள். சற்று முற்போக்கானவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், நுட்பமான ருசி என்பதே வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு, பசித்தவன் முன்னால் அதைப் பேசுவது அவமரியாதை என்கிறார்கள். முதல் கட்சி ரசனையை அந்தரங்க விவகாரமாக்கி அதோடு விட்டுவிடுகிறது. இரண்டாவது கட்சி அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. ருசி பார்த்துத் தரம் பிரிப்பது ஒரு பொறுப்பு என்று இரண்டு கட்சிக்கும் தோன்றவில்லை.

இந்தப் பிரச்னையை இலக்கியத்தை வைத்துப் பேசினால் சீக்கிரமே ஆள் பெயர்களில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அதனால் நாக்கை வைத்தே பேசலாம் என்று நினைக்கிறேன். பிரான்சில் ஒரு திராட்சைத் தோட்டம், இங்கே வேம்பார்க் கரையில் பனங்காடு, இவை இரண்டும்தான் என் உதாரணங்கள். ஒன்று உலகத்தின் பணக்கார மேசைகளில் பேசப்படுகிற பெயர். மற்றது பலசரக்குக் கடையில் ஓலைக் கொட்டானில் கிடக்கிற சரக்கு. ஒப்பிடுவது அபத்தமாகப் படலாம். அபத்தமா இல்லையா என்பது கடைசியில் தெரியட்டும்.

ஒரு ஆட்சேபத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். அந்தத் தோட்டத்து ஒயினை நான் குடித்ததில்லை, குடிக்கப்போவதுமில்லை. வங்கிக் குமாஸ்தாவின் சம்பளத்தில் அதற்கு வழி கிடையாது. குடிக்காத மதுவைப் பற்றி எழுதலாமா என்றால், இந்தப் பத்திரிகையை வாசிக்கிற நாம் பலர் படிக்காத ஐரோப்பிய நாவல்களின் மேன்மையைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம். தவிரவும், நான் இங்கே பேசப்போவது அதன் ருசியைப் பற்றியல்ல, அந்த ருசிக்கு ஒரு பெயர் கிடைத்த விதத்தைப் பற்றி.

2

போர்தோ நகரத்துக்கு வடக்கே, ஜிரோந்த் கழிமுகத்தின் இடது கரையோரமாக நீளும் பகுதிக்கு மெதோக் என்று பெயர். சரளைக்கல் நிலம். தானியம் விதைத்தவனுக்கு அது பெரிதாக எதையும் கொடுத்துவிடாது. மழைநீர் அந்தச் சரளையில் தங்காமல் இறங்கிவிடுவதால் திராட்சைக் கொடியும் தண்ணீரைத் தேடி வேரை ஆழத்துக்கு விடுகிறது. பகலில் கல் வாங்கிக்கொண்ட சூடு இரவில் கொடிக்குப் போகிறது. அங்கே போயாக் என்ற ஊரில், 80 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான பரப்பில் இருக்கிறது ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷில்ட். (பிரெஞ்சு உச்சரிப்பு தமிழில் மூத்தோன் என்றுதான் விழுகிறது. நூறு வருஷத்துக்கு மேல் இரண்டாமவனாகவே நிறுத்திவைக்கப்பட்டவனுக்கு இப்படியொரு பெயர் அமைந்தது தற்செயல்.)

1853-ல் ரோத்ஷில்ட் என்ற வங்கிக் குடும்பத்தின் இங்கிலாந்துக் கிளையைச் சேர்ந்த நத்தானியேல் அதை ஏலத்தில் எடுத்தார். இரண்டே வருஷத்தில், 1855-ல், மூன்றாம் நெப்போலியன் பாரிஸில் நடத்திய உலகக் கண்காட்சிக்காக போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்து ஒரு பட்டியல் கேட்டார்கள். தரகர்கள் பட்டியல் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு ஐந்து வகுப்புகள். லாஃபீத், லாத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கும் முதல் வகுப்பு. மூத்தோன் இரண்டாம் வகுப்பின் தலைமாட்டில்.

இந்தப் பட்டியலைத் தயாரிக்கத் தரகர்கள் நாக்கை உபயோகிக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. எந்தத் தோட்டத்து ஒயின் பல வருஷங்களாக என்ன விலைக்குப் போயிற்று என்று கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எழுதினார்கள். விலையே தரம் என்ற இந்தச் சுருக்கு வழியைக் கேட்டதும் நமக்குக் கோபம் வரும். ஆனால் தரகனின் கட்சியையும் கேட்க வேண்டும். நீண்ட காலத்து விலை என்பது முகந்தெரியாத ஆயிரம் நாக்குகளின் கூட்டுத் தீர்ப்பு, என் ஒருவன் நாக்கைவிட அது நம்பத் தகுந்தது என்று அவன் சொல்வான். இந்த வாதம் லேசானதல்ல. இதற்கு மாற்றாக ஒருவன் தன் சொந்தப் படிப்பின் பலத்தில் மட்டும் நின்று பட்டியல் போட்டால் என்ன நடக்கும் என்பதைத் தமிழில் க.நா.சு.வின் விஷயத்தில் பார்த்தோம். பட்டியலில் இருந்த புத்தகங்களைப் படித்தவர்களைவிடப் பட்டியலைத் திட்டியவர்கள் அதிகம். போர்தோவில் யாரும் திட்டவில்லை. சந்தை போட்ட பட்டியலை ஜனங்கள் இயற்கையின் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். தனி மனிதன் போட்டால்தான் அகம்பாவம் என்கிறார்கள்.

அப்படி வந்த தீர்ப்பு கல்லில் எழுதிய மாதிரி நின்றுவிட்டது. அதை மாற்ற ஒருவருக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. நத்தானியேலின் வம்சத்தில் வந்த பிலிப் என்பவர் 1922-ல் இருபது வயதில் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். அதுவரை ஒயினைப் பீப்பாய் பீப்பாயாக நகரத்து வியாபாரிக்கு விற்றுவிடுவது வழக்கம். வியாபாரி தன் கிடங்கில் வைத்து, தன் சௌகரியப்படி பாட்டிலில் அடைப்பான். நடுவில் எது எதோடு கலந்தது என்று யாரும் கேட்க முடியாது. பிலிப் 1924-ல் முழு விளைச்சலையும் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்து முத்திரையிட ஆரம்பித்தார். பெருமைக்குச் செய்தார் என்று சொல்லலாம், வியாபாரத் தந்திரம் என்றும் சொல்லலாம். ஆனால் அந்தக் காரியத்தின் அர்த்தம் ஒன்றுதான்: இந்தப் பாட்டிலுக்குள் இருப்பதற்கு நான் ஜவாப்தாரி என்று ஒருவர் கையெழுத்துப் போட்டார். 1930-ல் விளைச்சல் மட்டமாக இருந்தபோது அதைத் தோட்டத்தின் பெயரில் விற்காமல் ‘மூத்தோன் கதே’, அதாவது இளைய மகன், என்ற வேறு பெயரில் விற்றார். அந்த இளைய மகன் பிற்பாடு தோட்டத்துக்குச் சம்பந்தமில்லாத திராட்சைகளில் வளர்ந்து மூத்தவனைவிட அதிகம் விற்கிற மலிவுச் சரக்கானது வேறு கதை. பெயரைக் காப்பாற்றுவதும் பெயரைக் காசாக்குவதும் ஒரே கையால் நடந்தன.

1945-லிருந்து வருஷத்துக்கு ஒரு ஓவியர் பாட்டிலின் லேபிளுக்குப் படம் கொடுத்தார். பிராக், தாலி, மிரோ, ஷகால் எல்லாரும் இந்த வரிசையில் இருக்கிறார்கள். கூலி பணமாக அல்ல, ஒயினாக. கடைசியில் 1973-ல், விவசாய மந்திரியாக இருந்த ஷாக் சிராக் கையெழுத்திட, மூத்தோன் முதல் வகுப்புக்கு உயர்ந்தது. 1855 பட்டியலில் நடந்த பெரிய மாற்றம் இது ஒன்றுதான். அந்த வருஷத்து லேபிளில், அதே வருஷம் இறந்துபோன பிக்காஸோவின் படம்.

அந்த ஒயினைப் பற்றிச் சொல்கிறவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். பெரும்பங்கு கபர்னே சோவின்யோன் என்ற சிறிய, தடித்த தோல் கொண்ட கறுப்புத் திராட்சை. அதனால் இளமையில் கடுந்துவர்ப்பு. புது ஓக் பீப்பாய்களில் ஒன்றரை வருஷத்துக்கு மேல், பிறகு பாட்டிலில் பத்து, இருபது, முப்பது வருஷம். துவர்ப்பு மெல்ல அடங்கி, காட்டுப் பழ வாசனையும் பென்சில் சீவிய மரவாசனையும் வறுத்த காப்பிக்கொட்டை வாசனையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துவரும் என்கிறார்கள். இத்தனைக்கும் காரணம் ‘தெர்வார்’ என்பது அவர்கள் சித்தாந்தம். மண், சரிவு, காற்று, வெயில், அங்கே தலைமுறைகளாக இருக்கிற மனிதனின் பழக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் தெர்வார். வேறெங்கும் இந்த ருசி வராது என்கிறார்கள்.

இந்தச் சித்தாந்தத்துக்கு இரண்டு அடி விழுந்திருக்கிறது. முதல் அடி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி. அது பிரெஞ்சுக் கொடிகளை வேரோடு தின்றது. கடைசியில் அதைத் தாங்குகிற அமெரிக்க வேரின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். மண்ணின் மகிமை பேசுகிற அந்தக் கொடிகள் பெரும்பாலும் இன்று அந்நிய வேரில் நிற்கின்றன. இரண்டாவது அடி 1976 மே 24-ல் பாரிஸில். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி, பெயர்களை மறைத்துவிட்டு ஒன்பது பிரெஞ்சு நிபுணர்களைச் சுவைக்க வைத்தார். சிவப்பில் முதல் இடம் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973-க்குப் போயிற்று. மூத்தோன் 1970-க்கு இரண்டாம் இடம். முதல் வகுப்புக்கு ஏறி மூன்று வருஷத்தில் மறுபடியும் இரண்டாமவன்.

இதைச் சொல்லி, பார்த்தீர்களா, எல்லாம் பெயரின் மயக்கம் என்று கைதட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயரை மறைத்தபோது அந்த ஒன்பது பேரின் நாக்கு, தங்கள் தேசத்துக்கும் தங்கள் கௌரவத்துக்கும் விரோதமாகவே தீர்ப்புச் சொன்னது. ரசனை என்பது அந்தஸ்து தவிர வேறெதுவுமில்லை என்றால் இது நடந்திருக்க முடியாது. அந்தஸ்து தோற்றது, நாக்கு தோற்கவில்லை. நாக்குக்கு என்று ஒரு சுயேச்சை இருக்கிறது, அதை எஜமானர்களாலும் முழுக்க விலைக்கு வாங்க முடியவில்லை என்பதற்கு அந்த மத்தியானம் சாட்சி.

3

இனி இங்கே. விளாத்திகுளம் கரிசல் பூமி. மிளகாய், பருத்தி, கம்பு, சோளம், மல்லி. கிழக்கே கடலைப் பார்த்துப் போகப் போகக் கரிசல் வெளுத்து மணலாகிறது. வேம்பார் வருவதற்குள் பனையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. சாயல்குடி வரை இந்தப் பனங்காடுதான். இதே கரையில் தெற்கே போனால், திருச்செந்தூரைத் தாண்டி உடன்குடி. அங்கே தேரி எனப்படும் செம்மணல் மேடுகள். வேம்பார்க் கருப்பட்டி, உடன்குடிக் கருப்பட்டி என்று தென்மாவட்டத்துக் கடைகளில் ஊர்ப் பெயர் சொல்லித்தான் விற்கிறார்கள். மெதோக்கின் சரளையைப் போலவே, வேறெதற்கும் உதவாத நிலத்தில்தான் இந்த ருசியும் பிறக்கிறது. மணலும் உப்புக்காற்றும் தண்ணீரும் சேர்ந்து தங்கள் ஊர்ச் சரக்குக்கு ஒரு தனி ருசி கொடுப்பதாகப் பனையேறிகள் சொல்கிறார்கள். தெர்வார் என்ற வார்த்தை தெரியாமலே அதன் சித்தாந்தம் அவர்களுக்குத் தெரியும்.

பனையேறுவதைப் பற்றி நம் எழுத்தில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் தூரத்துப் பார்வை. கிட்டே போய்ப் பார்த்தால் அது பலத்தைவிட நுட்பத்தைச் சேர்ந்த வேலை. ஆண் பனையின் பாளையையும் பெண் பனையின் பாளையையும் ஒரே மாதிரி இடுக்க முடியாது. கடிப்பு வேறு, இறுக்குகிற அளவு வேறு. அதிகம் நசுக்கினால் பாளை செத்துவிடும், குறைவாக நசுக்கினால் ஊறாது. பிறகு தினமும் பாளையின் நுனியைப் பாளை அரிவாளால் இழை இழையாகச் சீவ வேண்டும். கனமாகச் சீவினால் பருவம் முடியுமுன்னே பாளை தீர்ந்துபோகும். காலையும் மாலையும் ஏற வேண்டும். ஒருவர் 30 மரம் பார்க்கிறார், மரம் 50 அடி என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 3,000 அடி ஏற்றம், அதே அளவு இறக்கம், தளைநாரும் மார்புத்தோலும் துணையாக.

கலயத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் கள். மரம் ஒன்றே, பாளை ஒன்றே, கை ஒன்றே, வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்பு. ராஜகோபாலாச்சாரி 1937-ல் சேலம் ஜில்லாவில் ஆரம்பித்த மதுவிலக்கு 1948-ல் மாகாணம் முழுவதும் வந்தது, 1971-ல் தளர்ந்தது, 1974-க்குள் திரும்பியது, 1981-ல் மறுபடி தளர்ந்தது. 1987-லிருந்து கள் இறக்குவது தமிழ்நாட்டில் குற்றம். எனவே சட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கலயத்தின் உட்சுவரில் பூசியிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற சர்ச்சைக்குள் நான் போகவில்லை. குடியால் அழிந்த வீடுகளின் நகைகள் வங்கியின் இரும்புப் பெட்டிக்கு வருவதைப் பார்க்கிறவன் நான், கள்ளுக்கு வக்காலத்து வாங்க எனக்கு உற்சாகம் இல்லை. நான் காட்ட நினைப்பது வேறு. அதே அரசாங்கம் 2003-லிருந்து தானே கடை நடத்தி விற்கிற சரக்கின் உத்தியோகப் பெயர் ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்ட அயல்நாட்டு மது’. அதில் பிராந்தி என்று போட்டிருப்பதில் பெரும்பாலானது திராட்சையைக் கண்டதில்லை. கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து இறக்கிய சாராயத்துக்கு நிறமும் மணமும் ஏற்றிப் போடுகிற பெயர் அது. எந்த மண்ணிலும் விளையாத ஒரு குடிக்கு அயல்நாட்டுப் பெயரும் அரசாங்க முத்திரையும் கிடைத்தன. இந்த மண்ணிலிருந்து மட்டுமே வரக்கூடிய குடிக்குக் கிரிமினல் வழக்கு கிடைத்தது. மதுவிலக்கின் ஒழுக்க நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த ஏற்பாட்டில் அந்த நோக்கம் எங்கே இருக்கிறது என்று எனக்கு யாராவது காட்ட வேண்டும்.

4

கள் சட்டத்தோடு போகட்டும். சட்டத்துக்கு உட்பட்ட கருப்பட்டியின் கதியைப் பார்ப்போம்.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு 8 முதல் 10 லிட்டர் வரை பதநீர் வேண்டும். அதைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி, ஓலையும் மட்டையும் விறகுமாய் எரித்து மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் அந்தப் புகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள். பாகு பதம் வந்ததும் துடுப்பால் கிண்டி, சிரட்டையில் ஊற்றி ஆறவைக்க வேண்டும். பருவம் சில மாதங்களே. விறகு விலை, கூலி, மரத்தின் குத்தகை எல்லாம் சேர்த்தால் நல்ல கருப்பட்டியின் அடக்க விலை வெள்ளைச் சீனியின் விலையைப்போல் பல மடங்கு. ஆகவே பாகில் சீனியைக் கலக்கிறார்கள். சீனி கலந்தது உடைத்தால் உள்ளே பளபளக்கும், நல்லது மங்கலாக இருக்கும் என்பார்கள். நல்லதில் இனிப்புக்குப் பின்னால் லேசான கரிப்பு ஒன்று நாக்கின் ஓரத்தில் தங்கும். கலப்படத்தில் இனிப்பு மட்டும்தான்.

இப்போது கேள்வி இது. இந்தக் கரிப்பை அடையாளம் கண்டுகொள்கிற நாக்குகள் ஒரு ஊரில் எத்தனை இருக்கின்றன? நூற்றில் அறுபது என்றால் கலப்படக்காரன் அந்த ஊரில் கடைபோட முடியாது. நூற்றில் இரண்டு என்றால் நேர்மையான பனையேறி அந்த ஊரில் பிழைக்க முடியாது. அவன் 3,000 அடி ஏறியதும் அவன் மனைவி புகையில் உட்கார்ந்ததும் அந்தக் கரிப்பில்தான் இருக்கின்றன. அதை அறியாத நாக்கு அந்த உழைப்பையே அறியவில்லை. இரண்டும் எனக்கு ஒன்றுதான், இனிப்பாக இருந்தால் போதும் என்று சொல்கிறவன் பெருந்தன்மையாகப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறான். உண்மையில் அவன் மோசக்காரனுக்கு ஆதரவாக ஓட்டுப் போடுகிறான்.

ருசி வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு என்ற வாதம் இந்த இடத்தில் உடைகிறது. தரம் பிரிப்பதை நிறுத்திவிட்டால் ஏழை பிழைத்துக்கொள்வான் என்பது பொய். தரம் பிரிக்கத் தெரியாத சந்தையில் முதலில் சாகிறவன் கையால் வேலை செய்கிற ஏழைதான். மலிவானதும் போலியானதும் உற்பத்தி செய்யப் பணம் வேண்டும். நல்லதைச் செய்யக் கையும் காலமும் வேண்டும். பனையேறியிடம் இருப்பது அவ்வளவே.

என் தொழிலிலிருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். நகைக்கடன் கொடுக்கிற வங்கியில் மதிப்பீட்டாளர் ஒருவர் இருப்பார். நகையை உரைகல்லில் தேய்த்து, திராவகம் வைத்து, இத்தனை மாற்று என்பார். தங்கத்தின் மேல் அவருக்குத் தனி மோகம் எதுவும் கிடையாது. ஆனால் மதிப்பிட்டுச் சொன்னதற்கு அவர் கையெழுத்துப் போட வேண்டும். நகை போலி என்று பின்னால் தெரிந்தால் அவரைத்தான் கேட்பார்கள். ரசனையை அந்தரங்க விவகாரம் என்கிறவர்கள் இந்தக் கையெழுத்தை மறந்துவிடுகிறார்கள். ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பதற்குக் கையெழுத்து வேண்டியதில்லை. ‘இது நல்லது’ என்று சொன்னால் வேண்டும். விமர்சகன் என்பவன் இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லத் துணிந்தவன். 1924-ல் போயாக்கில் பாட்டிலில் விழுந்த முத்திரையும் இந்த இரண்டாவது வாக்கியம்தான்.

5

இதோடு நிறுத்தினால் கட்டுரை சௌகரியமாக முடிந்துவிடும். நல்ல நாக்கை வளர்ப்போம், எல்லாம் சரியாகிவிடும் என்று. ஆனால் நல்ல நாக்கு மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதே வட்டாரத்தில் சாட்சி இருக்கிறது.

விளாத்திகுளத்துக்கு வடக்கே கமுதி. அங்கே மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் 1897-ல் நாடார்கள் நுழைந்தது வழக்கானது. மதுரைக் கோர்ட்டில் தொடங்கி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. நுழைந்தவர்கள் வியாபாரிகள். ஆனாலும் மரமேறுவது உங்கள் குலத்தொழில் என்பது அவர்களுக்கு விரோதமாக வைத்த வாதங்களில் முக்கியமானது. அந்தக் காலத்து மனிதர்களின் நாக்கில் குறை சொல்ல எதுவும் இல்லை. சீனி பரவாத காலம். எது நல்ல கருப்பட்டி என்று இன்றைய நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பலகாரத்துக்கும் மருந்துக்கும் கருப்பட்டி வேண்டும், அதைச் செய்த தொழிலின் பெயரால் மனிதன் வாசலில் நிற்க வேண்டும். நாக்கு ஒப்புக்கொண்டதைக் கண் ஒப்புக்கொள்ளவில்லை.

விலகல் வெளியாட்களிடமிருந்து மட்டும் வரவில்லை. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) நாவலில், பனையை வைத்தே வாழ்ந்த ஒரு வீடு, பனையேறியின் மகனுக்குப் பெண் கொடுப்பதை அவமானமாக நினைக்கிறது. நம் நாவல்களில் இவ்வளவு அமைதியாக இவ்வளவு கடுமையான விஷயத்தைச் சொன்னவை குறைவு. ஒரு பொருளின் மேன்மை மேலே ஏற ஏற, அதைத் தொட்ட கை கீழே போய்க்கொண்டிருக்கும் என்பதை அந்த நாவல் எந்த உபதேசமும் இல்லாமல் காட்டுகிறது.

புறநானூற்றில் இரண்டு பாட்டுகள் இந்த இடத்தில் நினைவுக்கு வருகின்றன. ஒன்றில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் கலத்தில் கொண்டுவந்த வாசனை மது, பொற்கிண்ணம், அதை ஏந்தி நிற்கிற பெண்கள் எல்லாம் அங்கே வருகின்றன. அந்த யவனச் சாடிகளின் உடைந்த ஓடுகளை 1945-ல் அரிக்கமேட்டில் வீலர் தோண்டி எடுத்தார். தூரத்திலிருந்து வந்த மது, அதன் மணம், அதைக் குடிக்கிறவனின் அந்தஸ்து என்று இன்றைய ஒயின் பட்டியல்களில் இருப்பதெல்லாம் அந்தப் பாட்டிலேயே வந்துவிட்டது. மற்றது அதியமான் செத்தபின் ஔவை பாடியது. அதிலும் கள் வருகிறது. ஆனால் அதன் மணத்தையோ அது எங்கிருந்து வந்தது என்பதையோ ஔவை சொல்லவில்லை. குறைவாக இருந்த நாளில் அது யாருக்குப் போயிற்று, நிறைய இருந்த நாளில் எப்படிப் பகிர்ந்துகொள்ளப்பட்டது என்பதுதான் அவள் நினைவில் நிற்கிறது. செத்தவனின் நாக்கை அவள் மெச்சவில்லை, கையை மெச்சுகிறாள்.

இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்றால் நம்மில் பலர் யோசிக்காமல் ஔவையின் பக்கம் போய்விடுவோம். நான் அவ்வளவு வேகமாகப் போகத் தயாரில்லை. பகிர்ந்துகொள்ளப்படுவது எப்படிப்பட்டது என்ற கேள்வியைக் கைவிட்டுவிட்டால் பகிர்வதற்கு வெறும் சீனிப்பாகுதான் மிஞ்சும். ஆனால் நக்கீரரின் கிண்ணத்தோடு நின்றுவிட்டால் மரத்தில் ஏறியவன் கண்ணில் படவே மாட்டான். அந்த மதுவைப் பிழிந்த யவனனும் பாட்டில் இல்லை. எனக்கு இரண்டு பாட்டும் வேண்டும், அதுவும் ஒன்றையொன்று உறுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

6

உடன்குடிக் கருப்பட்டி அண்மையில் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. 1999-ல் இயற்றி 2003-ல் அமலுக்கு வந்த ஒரு இந்தியச் சட்டத்தின் கீழ் வருவது இந்தக் குறியீடு. இன்ன பொருள் இன்ன ஊரில் இன்ன முறையில் செய்தால்தான் இந்தப் பெயர் என்று சட்டம் சொல்கிறது. பிரெஞ்சுக்காரன் 1935-ல் தன் ஒயினுக்குச் செய்துகொண்ட ஏற்பாட்டின் தூரத்து வாரிசு. நல்ல காரியம்தான். போர்தோ வியாபாரியின் கிடங்கில் நடந்தது நம் ஊர் மண்டிகளிலும் நடக்கிறது, ஊர்ப் பெயருக்கு ஒரு வேலி வேண்டும்.

ஆனால் சட்டம் ஊருக்குப் பெயர் கொடுத்திருக்கிறது, ஆளுக்கு இன்னும் கொடுக்கவில்லை. பனையேறிகளில் பலருக்கு மரம் சொந்தமில்லை. குத்தகையைக் கருப்பட்டியாகவே அளந்து கொடுக்கிற வழக்கம் உண்டு. பருவத்துக்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அவன் சொன்ன விலைக்கு அவனிடமே போடுகிறவர்கள் உண்டு. வங்கிக்கு வந்தால் நாங்கள் பட்டா எங்கே என்று கேட்போம். ஏறத் தெரியும் என்பதற்குப் பட்டா கிடையாது. ஊர்ப் பெயரால் விலை ஏறினால் அந்த ஏற்றம் மரத்தின் உச்சி வரை போகுமா, மண்டியிலேயே நின்றுவிடுமா என்பதைக் குறியீடு தீர்மானிக்காது.

பிரான்சிலும் இது தீர்ந்துவிடவில்லை. மூத்தோன் பாட்டிலின் லேபிளில் ஓவியனின் பெயர் இருக்கிறது. செப்டம்பர் மாதத்தில் குனிந்து குனிந்து குலை அறுத்தவர்களின் பெயர் இல்லை. லேபிளில் எல்லோர் பெயரையும் அச்சிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு ருசியைப் புகழ்ந்து எழுதுகிறவன், புகழ்ந்து முடித்ததும் எழுந்து போய்விடக் கூடாது என்கிறேன். இந்த ருசி எவ்வளவு வேலையிலிருந்து வந்தது, அந்த வேலைக்கு எவ்வளவு கிடைத்தது என்ற கேள்விகள் ரசனைக்கு வெளியே இருக்கிற பொருளாதாரக் கேள்விகள் அல்ல. ருசியின் முழு அர்த்தத்தில் அவையும் சேர்ந்தவை. பாதி விலை கொடுத்து வாங்கிய நல்ல கருப்பட்டியில் ஒரு கலப்படம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கிற நாக்கு இன்னும் நமக்கு முளைக்கவில்லை.

ஃபிலாக்ஸெராவுக்குப் பிறகு அங்கே கொடியை வேறு வேரில் ஒட்டினார்கள், ருசி பிழைத்தது. பனையை அப்படி ஒட்டுக்கட்ட முடியாது. 1978-லிருந்து அது தமிழ்நாட்டின் மாநில மரம், வெட்டுவதற்கு இப்போது கலெக்டரின் அனுமதி வேண்டும். மரத்தைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது. ஏறுகிறவர்களின் பிள்ளைகள் ஏறுவதில்லை. ஏற வேண்டும் என்று கீழே நின்றுகொண்டு சொல்கிற உரிமை நமக்குக் கிடையாது. மரம் நிற்கும், பாளை வரும், சீவ ஆள் இருக்காது. அப்போது உடன்குடி, வேம்பார் என்ற பெயர்கள் மட்டும் கடைகளில் இருக்கும். அந்தப் பெயர் ஒட்டிய சரக்கை நாக்கில் வைத்து, இது அது இல்லை என்று சொல்ல யாராவது மிஞ்சியிருப்பார்களா என்பதுதான் என் கவலை. அப்படிச் சொல்ல ஆளில்லாத ஊரில் பனையேறிக்கு இழைத்த அநியாயம் பதிவாவதற்குக்கூட ஒரு இடம் இருக்காது.